கண்ணாடிப் பாத்திரத்தில் வெந்த சோறு

சைத்தாமா,
நவம்பர் 16

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. அவர் கையால் சாப்பிட்ட கொள்ளு ரசம் இன்னும் நாக்கில் இருக்கிறது என்று சொல்.

உங்கள் பள்ளியில் மனையியல் பிரிவை மூடிவிடுவார்கள் போலிருக்கிறது, இந்த வருஷம் ஒன்பது பெண்கள்தான் சேர்ந்தார்கள் என்று எழுதியிருந்தாய். ஜப்பானில் மட்டும் இந்தப் பாடம் எப்படி நிலைத்து நிற்கிறது, நீ அதைத்தானே ஆராய்ச்சி பண்ணுகிறாய் என்றும் கேட்டிருந்தாய். அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த வாரம் ஒரு வகுப்பைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அதையும் பார்த்துவிட்டு எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

இங்கே 'ஆய்வு வகுப்பு' என்று ஒன்று உண்டு. ஓர் ஆசிரியர் பாடம் நடத்துவார். மற்ற ஆசிரியர்களும் என்னைப் போன்றவர்களும் சுவரோரமாக நின்று பார்ப்போம். டீச்சரைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளைப் பார்ப்பதுதான் முக்கியம். ஆளுக்கொரு குழந்தையை வைத்துக்கொண்டு அது என்ன செய்கிறது, எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்வோம். வகுப்பு முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம்.

அன்றைக்கு ஐந்தாம் வகுப்பு. பாடம், சோறு வடிப்பது. வடிப்பது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், இங்கே கஞ்சியை வடிப்பதே இல்லை. ஊற்றிய தண்ணீர் முழுவதையும் அரிசியே குடித்துவிட வேண்டும். ஒரு ஆளுக்கு 80 கிராம் அரிசி, எடையில் ஒன்றரைப் பங்கு தண்ணீர், அரை மணி நேரம் ஊறல். பாத்திரம் கண்ணாடி. அடுப்பில் வைக்கிற, உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிற கண்ணாடி. டீச்சர் ஊறிய அரிசியையும் ஊறாத அரிசியையும் இரண்டு தட்டில் வைத்து, 'என்ன வித்தியாசம்?' என்று மட்டும் கேட்டார். நான் குறித்துக்கொண்டிருந்த பையன் மூக்கு தட்டில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, 'ஊறினது வெள்ளையா இருக்கு, ஊறாததுக்குள்ள வெளிச்சம் போகுது' என்றான். நாற்பது வருஷமாக அரிசி களைகிறேன், மாலதி. நான் அதைக் கவனித்ததே இல்லை.

அடுப்பைப் பற்றவைத்ததும் அவன் குழுவில் இருந்த நான்கு பேரும் பாத்திரத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். எத்தனையாவது நிமிஷத்தில் அடியில் குமிழி வருகிறது, எப்போது அரிசி எழும்பி ஆடுகிறது, தண்ணீர் எப்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று ஒருவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதினார். தீயை அணைத்து, மூடியைத் திறக்காமல் பத்து நிமிஷம் வைத்திருந்தார்கள். திறந்தபோது சோற்றின் மேலே சின்னச் சின்னப் பள்ளங்கள். அதற்கு இங்கே பெயரே 'நண்டு வளை'தான். கடற்கரை மணலில் பார்ப்போமே, அதே மாதிரி. அந்தப் பையன் வளைகளை ஒவ்வொன்றாக எண்ணினான்.

பிறகு நடந்த பேச்சில் ஒரு டீச்சர் எழுந்து, மூன்றாவது குழுவில் நேரம் பார்த்து எழுதியது பையன்கள், பாத்திரம் கழுவியது பெண்கள், யாரும் சொல்லாமலே அப்படிப் பிரிந்துகொண்டார்கள் என்றார். சோறு எப்படி வந்தது என்பதை அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மீதி நேரம் முழுக்க அந்தக் கழுவுதொட்டியைப் பற்றித்தான். இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. உன் கேள்விக்கும் அங்கிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இங்கேயும் தையலும் வீட்டு நிர்வாகமும் பெண்களுக்கு மட்டும்தான். 1947இல் புதிய கல்வித் திட்டம் வந்தபோது 'கத்தேக்கா' என்ற மனையியல் பாடத்தை ஐந்து, ஆறாம் வகுப்பில் ஆண், பெண் இருவருக்கும் வைத்தார்கள். இது பழைய தையல் பாடத்தின் தொடர்ச்சி அல்ல, பெண்களுக்கு மட்டுமான பாடம் அல்ல, வெறும் கைவேலைப் பயிற்சியும் அல்ல என்று அன்றே தெளிவாகச் சொன்னார்கள். ஆனால் பிள்ளைகள் வளர வளரப் பாதை பிரிந்துபோனது. 1958 பாடத்திட்டப்படி நடுநிலைப் பள்ளியில் பையன்களுக்கு மரவேலை, இயந்திரம். பெண்களுக்குச் சமையல், தையல். 1973 முதல் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு மட்டும் மனையியல் 4 அலகு கட்டாயம் (வாரம் ஒரு பீரியட் என்று ஒரு வருஷம் நடத்தினால் அது ஒரு அலகு). அந்த நேரத்தில் பையன்களுக்குக் கூடுதலாக உடற்பயிற்சி வகுப்பு. படித்ததும் நம் பள்ளி நினைவுக்கு வந்தது. தையல் டீச்சர் நம்மை உள்ளே உட்கார வைத்துக் குறுக்குத் தையல் போடச் சொல்வார், ஜன்னலுக்கு வெளியே பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். நமக்கும் விளையாட ஆசை இருந்தது.

ஜப்பானில் இப்படிப் பிரித்ததைச் சிலர் ஏற்கவில்லை. கியோத்தோ போன்ற இடங்களில் பள்ளிகளே முன்வந்து இருபாலருக்கும் சேர்த்து நடத்தின. 1974இல் இதற்காகவே ஒரு சங்கம் உருவானது. பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய இச்சிகாவா ஃபுசாயே அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1980இல் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டது. இருபாலருக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெண்களுக்கு மட்டும் கட்டாயம் என்ற விதியை வைத்துக்கொண்டு அதை 1985இல் உறுதிசெய்திருக்க முடியாது. அதனால் விதியை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். அது பள்ளிகளில் முழுதாக அமலாக இன்னும் பல வருஷம் பிடித்தது. நடுநிலைப் பள்ளியில் 1993, உயர்நிலையில் 1994.

இதில் உனக்கு ஆறுதல் தராத ஒன்றும் உண்டு. பையன்களையும் சேர்த்தால் நேரம் குறைந்துவிடும் என்று மனையியல்காரர்களிலேயே ஒரு சாரார் அப்போது பயந்தார்கள். பயந்தது நடந்தது. 2003இல் 2 அலகுப் பாடம் ஒன்று வந்தது, பெரும்பாலான பள்ளிகள் அதையே எடுத்துக்கொண்டன. அந்த 2 அலகுக்குள்தான் உணவு, உடை, குழந்தை வளர்ப்பு, முதியோர் எல்லாம். 2022இலிருந்து சேமிப்பும் முதலீடும்கூட. எனக்கு இதில் வருத்தம்தான்.

ஆனாலும் பலன் இருக்கிறது. என் ஆராய்ச்சிக்காகப் படித்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஒரு வேலை. இங்கே ஏப்ரல் 2க்கு முன் பிறந்த குழந்தை ஒரு வகுப்பு, அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தது அடுத்த வகுப்பு. நம் பையன் கவின் பிறந்தது மார்ச் 30, இப்போது ஐந்தாம் வகுப்பு. மூன்று நாள் தள்ளிப் பிறந்திருந்தால் இந்த வருஷம் நாலாம் வகுப்பில்தான் இருப்பான். நடுநிலைப் பள்ளியில் 1990இல் தொடங்கிய மாற்றத்துக்கும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. அதற்குச் சற்று முன் பிறந்தவர்கள் பிரிந்து படித்தவர்கள், சற்றுப் பின் பிறந்தவர்கள் சேர்ந்து படித்தவர்கள். மற்றபடி அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. அவர்கள் நாற்பது வயதை நெருங்கிய 2016இல், ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அரசு எடுத்த கணக்கை வைத்து ஒப்பிட்டார்கள். சேர்ந்து படித்த பெண்கள் வேலையை விடாமல் தொடர்வது கூடியிருந்தது. அவர்களுடைய கணவர்கள் வார இறுதியில் சமையல், துவைப்பு போன்றவற்றுக்குக் கூடுதல் நேரம் தந்தார்கள்.

பையனுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தால் பையன் சமைப்பான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்கு காட்டுவதோ முதலில் பெண்ணிடம் வந்த மாற்றத்தை. பக்கத்து இருக்கைப் பையன் உருளைக்கிழங்குத் தோலைச் சீவுவதைப் பார்த்து வளர்ந்தவள், பின்னால் தன் வீட்டிலும் அதை எதிர்பார்க்கிறாள் என்று நான் புரிந்துகொள்கிறேன். நாடு தலைகீழாக மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆறு வயதுக்குக் கீழ் குழந்தை உள்ள வீடுகளில் 2021 கணக்குப்படி வீட்டு வேலைக்கும் குழந்தைக்கும் கணவன் நாளுக்கு 1 மணி 54 நிமிஷம், மனைவி 7 மணி 28 நிமிஷம். ஐந்து வருஷம் முன்பு கணவனுக்கு 1 மணி 23 நிமிஷம். அந்த 31 நிமிஷம் எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

அதனால் தலைமையாசிரியரிடம் போகும்போது, ஒன்பது பெண்களுக்காகப் பிரிவை வைத்திருங்கள் என்று கேட்காதே. பையன்களும் சேரட்டும், கீழ் வகுப்புகளில் வாரம் ஒரு பீரியட் இருபாலருக்கும் நான் நடத்துகிறேன் என்று கேள். மறுத்தாலும் உன் பக்கம் நியாயம் பலமாக நிற்கும். அந்த ஆய்வின் சாரத்தைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அவரிடம் காட்டு.

கவின் தையல் பெட்டி வாங்கிவிட்டான். மூடியில் டிராகன் படம் போட்ட கறுப்புப் பெட்டி, வகுப்பில் பாதிப் பையன்களிடம் அதுதான். முந்தாநாள் அவன் அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்தான். நூலைப் பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் மூன்று சுற்றுச் சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். அவர் அதைப் போட்டுக்கொண்டுதான் நேற்று ஆபீஸ் போனார்.

பதினோராம் வகுப்பு மனையியல் புத்தகம் ஒன்று அனுப்ப முடியுமா? இங்கே உள்ளதோடு வைத்துப் பார்க்க வேண்டும். தலைமையாசிரியர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
வசந்தி