வாசல் எங்கே என்று வரைபடம் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் நடைபாதைகளைப் பற்றியும் பேருந்து நிறுத்தங்களைப் பற்றியும் தங்கள் நாளிதழில் தொடர்ந்து செய்திகள் வருகின்றன. ஆக்கிரமிப்பு, தோண்டிவிட்டு மூடாத பள்ளம், நிழற்குடை இல்லாத நிறுத்தம் எனப் பலவும் பேசப்படுகின்றன. அவற்றோடு சேர்த்துப் பேச வேண்டிய ஒன்றைப் பற்றியே இக்கடிதம். பார்வையற்றவர்களில் பலர் இன்று கையில் வெண்கோலும் சட்டைப் பையில் ஜி.பி.எஸ். வசதியுள்ள கைப்பேசியுமாகத்தான் வெளியே கிளம்புகிறோம். அந்தக் கைப்பேசியிலுள்ள வரைபடமோ வண்டி ஓட்டுகிறவரை மனத்தில் வைத்துத் தயாரானது. நடந்து போகிறவருக்கு வேண்டிய விவரங்களை அதில் சேர்க்கும் பொறுப்பை மாநகராட்சியும் போக்குவரத்துத் துறையும் ஏற்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இந்த வசதி எங்களுக்குத் தந்திருப்பது கொஞ்சமல்ல. பேருந்தில் ஏறியதும் நடத்துநரிடம் "சார், சின்னமலை வந்தா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு, கூட்ட நெரிசலில் அவர் மறந்துவிடுவாரோ என்று ஒவ்வொரு முறை வண்டி நிற்கும்போதும் பதறிய காலம் ஒன்று இருந்தது. இப்போது நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை என்று கடக்கும் இடங்களின் பெயர்கள் வரிசையாகக் காதில் விழுகின்றன. இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே எழுந்து படிக்கட்டுப் பக்கம் நகர்ந்துவிட முடிகிறது. ஆட்டோவில் போகும்போது, வண்டி சரியான சாலையில்தான் போகிறதா என்பதை ஓட்டுநரைக் கேட்காமலே தெரிந்துகொள்கிறோம். தனியாகப் பயணம் செய்யும் பார்வையற்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை அவர்கள் வாயால் கேட்க வேண்டும்.

சிக்கல், வண்டியை விட்டு இறங்கிய பிறகு தொடங்குகிறது. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. அதன் பிறகே அது தெருவில் நடக்கிறவருக்குப் பயன்படும் அளவுக்குத் துல்லியமானது. இன்றைய கைப்பேசி, திறந்த வெளியில் ஏறத்தாழ 5 மீட்டர் பிழைக்குள் இருப்பிடத்தைச் சொல்லிவிடும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும். கார் ஓட்டுகிறவருக்கு 5 மீட்டர் ஒரு பொருட்டல்ல. தலையைத் திருப்பிப் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொள்வார். எங்களுக்கோ அது நடைபாதைக்கும் பேருந்து ஓடும் தடத்துக்கும் உள்ள இடைவெளி. அதோடு, ஒருவர் நின்ற இடத்தில் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறார் என்பதும் ஜி.பி.எஸ்.ஸுக்குத் தெரியாது, சில அடிகள் நடந்த பிறகே அது திசையைக் கணக்கிடுகிறது. கைப்பேசிக்குள் இருக்கும் திசைகாட்டி, பக்கத்தில் இரும்புத் தடுப்பு இருந்தால் தடுமாறுகிறது. "வடகிழக்கு நோக்கிச் செல்லவும்" என்று குரல் கேட்கும்போது, முதல் அடியை எந்தப் பக்கம் எடுத்து வைப்பது என்பதுதான் எங்களுக்கு உடனே தெரிய வேண்டியது.

இவற்றையெல்லாம் பழக்கத்தால் ஓரளவு சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வாசல். ஒரு பெரிய அரசு வளாகத்துக்கு வேலையாகப் போயிருந்தேன். சேருமிடம் வந்துவிட்டது என்று குரல் அறிவித்தபோது என் எதிரே இருந்தது சுற்றுச்சுவர். அந்த வளாகம் முழுவதையும் வரைபடம் ஒரே புள்ளியாக, நிலத்தின் நட்டநடுவில் குறித்துவைத்திருந்தது. அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருந்த சாலை பின்பக்கத் தெரு என்பதால், செயலி தன் கணக்குப்படி சரியாகவே என்னை அங்கே கொண்டுவந்து விட்டிருந்தது. சுவரைக் கோலால் தட்டிக்கொண்டே நடந்தேன். சுவரோரம் நிறுத்தியிருந்த இருசக்கர வாகனங்களுக்காகத் திரும்பத் திரும்பச் சாலையில் இறங்கி ஏறினேன். மூடியில்லாத வடிகால் ஒன்றைக் கோல்முனைதான் எனக்குச் சொன்னது. கடைசியில் தள்ளுவண்டியில் பழம் விற்றவர் ஒருவர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, கைபிடித்து அழைத்துப்போய் முன்வாசலில் விட்டார். மருத்துவமனை, நீதிமன்றம், கல்லூரி, ஆட்சியர் அலுவலகம் என வளாகம் பெரிதாகப் பெரிதாக இந்த அலைச்சலும் கூடுகிறது. காலுக்கு முன்னால் உள்ள தடையைக் கோல் சொல்லும். முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையையும் பலகையையும் சொல்ல, டெல்லி ஐ.ஐ.டி.யில் உருவாகிச் சென்னை நிறுவனம் ஒன்று தயாரித்த 'ஸ்மார்ட்கேன்' கருவி இருக்கிறது. எந்தப் பகுதிக்கு வந்திருக்கிறோம் என்பதை ஜி.பி.எஸ். சொல்லும். வாசல் எந்தப் பக்கம் என்பதை, யாரேனும் வரைபடத்தில் பதிந்துவைத்தால் ஒழிய, எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது.

நல்ல செயலி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை என்னால் ஏற்க முடியவில்லை. 2018-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'சவுண்ட்ஸ்கேப்', சேருமிடம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையிலிருந்தே ஒலி வருவதுபோல் காதில் கேட்கச் செய்த அருமையான செயலி. 2023-இல் அந்நிறுவனம் அதை நிறுத்திக்கொண்டது. செயலியின் மூலநிரலை, அதாவது அதை இயக்கும் கணினிக் கட்டளைகளை, பொதுவில் வைத்ததால் வேறு சிலர் அதைத் தொடர முடிந்தது. பார்வையற்றோர் நடப்பதற்கான விரிவான குரல் வழிகாட்டலைக் கூகுள் 2019 அக்டோபரில் தொடங்கியபோது, அது அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் ஜப்பானில் ஜப்பானிய மொழியிலும் மட்டுமே கிடைத்தது. செயலிகள் வரும், போகும். எந்த மொழியில் பேச வேண்டும் என்பதையும் அவற்றின் நிறுவனங்களே முடிவு செய்யும். நம் ஊர் வாசல்களும் நடைபாதைகளும் பற்றிய விவரம் நம் அரசின் கையில் இருந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் கிடைத்தால், இன்றைய செயலி நின்றுபோனாலும் நாளைய செயலி அதே விவரத்தை எடுத்துக்கொள்ளும். சவுண்ட்ஸ்கேப்பே கூட, தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற திறந்த வரைபடத்தை நம்பித்தான் இயங்கியது. கட்டட நுழைவாயிலையும், கோலாலும் காலாலும் உணரக்கூடிய புடைப்பு ஓடுகள் பதித்த பாதையையும் தனித்தனியே குறிக்க அதில் இடம் இருக்கிறது. நம் தெருக்களுக்கு அவற்றை நிரப்பும் வேலைதான் பாக்கி.

இதற்குப் பெரும் செலவு ஆகப்போவதில்லை. ஒரு நடைபாதையைப் புதிதாகப் போடும்போது ஒப்பந்ததாரர் அதன் நீள அகலத்தை அளந்துதான் பணம் வாங்குகிறார். அந்த அளவோடு, பாதை தொடங்கும் இடம், முடியும் இடம், சரிவுப் பாதை உள்ள இடம், சாலையைக் கடக்கும் இடம் ஆகியவற்றின் ஆயத்தொலைவுகளையும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும்) பதிந்து தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்த்தால் போதும். அரசு அலுவலகங்களின் வாசல்களைப் பதிவதும் எளிதே. அஞ்சல் துறை 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய 'டிஜிபின்' முறை, நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இலக்கக் குறியீடு தருகிறது. ஒவ்வோர் அலுவலகமும் தன் முகவரியோடு, பார்வையாளர் நுழையும் வாசலின் குறியீட்டையும் வெளியிடலாம். கட்டடத்தின் குறியீட்டைத் தந்துவிட்டு வாசலை விட்டுவிட்டால் பழைய கதைதான்.

பேருந்து நிறுத்தங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. ஒரே பெயரில், சற்றுத் தள்ளித் தள்ளி, வெவ்வேறு தடங்களுக்கு வெவ்வேறு இடங்களில் பேருந்துகள் நிற்கின்றன. வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் இருந்தால், நான் ஓரிடத்தில் காத்திருக்க, என் பேருந்து வேறோரிடத்தில் நின்று போய்விடும். ஒவ்வொரு கம்பமும், அங்கே நிற்கும் தட எண்களோடு தனியே பதியப்பட வேண்டும். ஓட்டுநர்களும் அந்தக் கம்பத்தின் அருகிலேயே நிறுத்த வேண்டும். 2022 டிசம்பரில் மாநகர் போக்குவரத்துக் கழகம், ஜி.பி.எஸ். உதவியுடன் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வசதியை முதற்கட்டமாக 150 பேருந்துகளில் தொடங்கியது. மனமார வரவேற்க வேண்டிய முயற்சி அது. பேருந்துக்கு உள்ளே ஒலிப்பதுபோலவே, நிறுத்தத்தில் நிற்கும்போது தட எண்ணும் போகுமிடமும் வெளியேயும் ஒலிக்க வேண்டும். வந்து நிற்பது எந்தப் பேருந்து என்பது தெரியாவிட்டால், ஏறிய பிறகு கிடைக்கும் வசதிக்கு வழியே இல்லை. பயணி கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் பேருந்தின் வாசலருகே தட எண்ணை ஒலிக்கச் செய்யும் 'ஆன்போர்டு' கருவியை டெல்லி ஐ.ஐ.டி. ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

இவை சலுகைகள் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, கட்டடம், போக்குவரத்து, தகவல் தொழில்நுட்பம் ஆகிய மூன்றையும் அணுகத்தக்கவையாக்கச் சொல்கிறது. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று கூறியது. வரைபடத் தரவும் அந்த விதிகளுக்குள் வரவேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 118.9 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் நகரில், நேற்று நடந்த பாதை இன்று தகரத் தடுப்புக்குப் பின்னால் போய்விடுகிறது. போக்குவரத்து மாற்ற அறிவிப்புகளோ பெரும்பாலும் படமாகவே வெளியாகின்றன. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கும் எங்கள் திரைவாசிப்பானால் படத்தைச் சரிவரப் படிக்க முடியாது. அவற்றில் நடப்பவர்கள் எந்த வழியாகப் போகவேண்டும் என்ற குறிப்பும் அபூர்வம். தங்கள் இணையப் பதிப்பில் இத்தகைய அறிவிப்புகளை எழுத்து வடிவிலும் வெளியிடுமாறும், பாதசாரிகளுக்கான மாற்றுவழியைக் காவல் துறையிடம் கேட்டுப் பெற்று அதில் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பார்வை மாற்றுத்திறனாளியான அரசுப் பள்ளி ஆசிரியர்,
சென்னை.