மதிலோரத்துக்குப் பத்துமணிப் பூ

அன்புள்ள சித்தி,

மதிலோரத்துப் புல் மறுபடியும் காய்ந்துவிட்டது என்று போனில் சொன்னீர்களே, அந்தக் குரலின் அலுப்பு இரண்டு நாளாக என் மனத்தைவிட்டு அகலவில்லை. மூட்டுவலியோடு அந்தத் துண்டு நிலத்துக்குக் காலையும் மாலையும் தண்ணீர் சுமந்தது போதும். அங்கே பத்துமணிப் பூவைப் படரவிடுங்கள். டேபிள் ரோஸ் என்று தொட்டிகளில் பார்த்திருப்பீர்கள். தரையில் விட்டால் ஒரு சாண் உயரம்கூட எழும்பாமல் பாயாக விரிந்துவிடும்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த சதைப்பற்றுச் செடி இது. நம் பருப்புக்கீரையின் இனம். இலையிலும் தண்டிலும் நீரைச் சேர்த்துவைத்திருப்பதால் வெயிலைத் தாங்கும். தாங்காதது நம் கரிசனத்தைத்தான். முதன்முதலில் வைத்தபோது, இலை சுருங்கியதைத் தாகம் என்று நினைத்துத் தினமும் ஊற்றினேன். வேர் அழுகினாலும் இலை சுருங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பாத்தி முழுவதும் போய்விட்டது. ஆகவே விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். 2 அங்குல ஆழம் வரை உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மண் இறுகலாக இருந்தால் மணல் கலந்து சற்றே மேடாக்குங்கள்.

நடுவதற்கு முன் ஒரு வேலை உண்டு, அதில் அவசரம் கூடாது. மண்ணுக்குள் இருக்கும் கோரைக் களையின் கிழங்குகளைத் தோண்டி எடுக்கவேண்டும். நீங்கள் குனியாதீர்கள், ஆள் வைத்துச் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு, மீண்டும் முளைப்பதையும் தோண்டவேண்டும். ஒரு கிழங்கு தப்பினாலும் பாய்க்கு நடுவே குத்திக்கொண்டு வரும். அதைப் பிடுங்கினால் பத்துமணியும் கூடவே பெயர்ந்துவிடும்.

நடவு எளிது. விரல் நீளத் தண்டுத் துண்டுகளின் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, சாண் இடைவெளியில் செருகினால் போதும். வேர் பிடிக்கும்வரை லேசான ஈரம் இருக்கட்டும். நாளுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் விழவேண்டும். உங்கள் மதிலோரத்தில் அதற்குக் குறைவில்லை. மந்தாரமான நாளில் பூ விரியாது, நோய் என்று பயந்துவிடாதீர்கள். புல்லைப்போல இதை மிதித்து நடக்கமுடியாது என்பதால் குழாயடிக்குப் போக நாலு கற்களைப் பதித்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்களில் தண்டுகள் நீண்டு நடுப்பகுதி வழுக்கையாகும். நுனிகளை வெட்டி அந்த இடத்திலேயே செருகுங்கள், மூடிக்கொள்ளும்.

கோரை ஒழிந்ததும் சொல்லுங்கள், ஒரு கூடைத் துண்டுகளோடு வருகிறேன். மஞ்சளும் சிவப்பும் என்னிடம் நிறைய இருக்கின்றன. வெள்ளை கொஞ்சம்தான், அதை வாசல் பக்கம் வைப்போமா?

அன்புடன்,
உங்கள் மகள் போன்றவள்