நீங்கள் கொடுத்த கல்

ஃப்ரைபெர்க், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். குளிர் பழகிவிட்டது. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி இன்னும் அரை டப்பா இருக்கிறது. "அந்த ஆய்வுக்கூடத்தில் அப்படி என்னம்மா செய்கிறாய்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊரே சுரங்கத்தால் உண்டான ஊர். 1168இல் இங்கே வெள்ளி கிடைத்தது. 1969இல்தான் சுரங்க வேலை நின்றது. எங்கள் பல்கலைக்கழகத்தை 1765இல் சுரங்கத் தொழிலுக்காகவே தொடங்கியிருக்கிறார்கள். பழைய வெள்ளிச் சுரங்கம் ஒன்று இப்போது எங்களுக்கு வகுப்பறை. கூண்டில் 150 மீட்டர் இறங்குகிறோம். 'க்ளூக் அவுஃப்' என்று ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்வார்கள், சுரங்கக்காரர்களின் வாழ்த்து அது. முதல் தடவை கேட்டபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது.

சரி, ஆய்வுக்கூடத்துக்கு வருகிறேன். நீங்கள் பெட்டியில் வைத்துக் கொடுத்தீர்களே, வெள்ளைக்கல் (இங்கே மேக்னசைட் என்பார்கள்) ஓடிய அந்தப் பச்சைக் கல், அதைப் போன வாரம் வைர ரம்பத்தில் அறுத்தேன். அறுத்த வில்லையைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, பொடியும் தண்ணீரும் விட்டு 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்க்க வேண்டும். முதல் வில்லையைக் கூடுதலாகத் தேய்த்துவிட்டேன் அப்பா. துடைத்துப் பார்த்தால் வெறும் கண்ணாடி. நீங்கள் உங்கள் கையால் பொறுக்கிய கல்லாயிற்றே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

இரண்டாவது வில்லை நன்றாக வந்தது. நுண்ணோக்கியில் வைத்து, ஒளியை வடிகட்டும் தகட்டைத் திருப்பினேன். பச்சைக் கல்லில் இருக்கும் ஆலிவின் என்ற கனிமத்தின் மணிகள் ஊதா, நீலம், மஞ்சள் என்று நம் ஊர்த் தேர்ச்சீலை போல விரிந்தன. அவற்றுக்கு நடுவே வெள்ளைக்கல் வேர் விட்டிருந்தது. கரியமில வாயு கலந்த நீர் வெடிப்புகளில் இறங்கி, அந்தப் பச்சைக் கல்லையே கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக்கல் ஆக்கியிருக்கிறது. நீங்கள் சேலத்தில் முப்பது வருஷம் வெட்டியது இதைத்தான். கையில் தூக்கிப் பார்த்தே சுண்ணாம்பு கலந்ததை ஒதுக்கிவிடுவீர்கள். நாங்கள் அமிலம் விட்டுப் பார்க்கிறோம்: சுண்ணாம்பு இருந்தால் பொங்கும், நல்ல வெள்ளைக்கல் சும்மா இருக்கும்.

இன்னொன்று. இங்கே உள்ளங்கை அளவு கல்லை அறுக்கக்கூடத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் அறுக்க வேண்டும். தூசி பறக்கும் வேலைக்கு முகமூடி இல்லாமல் விடமாட்டார்கள். உங்களுக்கு யாரும் ஒரு முகமூடி தரவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு போனீர்கள். அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை. அந்த இருமலுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். எடுத்ததும் தம்பியைப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், இன்னும் இரண்டு கல் வேண்டும். நீங்கள் ஏற வேண்டாம், தம்பியை அனுப்புங்கள். எந்தக் குழி என்று துண்டுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பெயர்ப்பதற்கு முன்னாலேயே மேல் பக்கம் எது என்று கல்லில் அம்புக்குறி போட வேண்டும். சாக்பீஸ் அழிந்துவிடும், பெயிண்ட்டில் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்