கல்லறைத் தோட்டத் திருப்பணி: நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்குத் திருப்பணிக் குழுவினர் தோத்திரம் சொல்லி எழுதுவது.

சபை மன்றம் எங்களிடம் ஒப்படைத்த கல்லறைத் தோட்டத் திருப்பணி நிறைவடைந்தது. சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. மேற்கு மூலையில் தலைமுறைகளாகக் குவிந்துகிடந்த தேரி மணல், அதாவது காற்றில் நகரும் செம்மணல், அகற்றப்பட்டது. பழைய கற்கள் துலக்கப்பட்டன. அடக்கப் பதிவேடுகளைப் படியெடுத்து, அவற்றில் கண்ட பெயர்களை நுழைவாயில் மண்டபத்துக் கருங்கல் பலகைகளில் வெட்டி வைத்திருக்கிறோம். தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. ரசீதுகளைப் பார்க்க விரும்புவோர் பொருளாளரிடம் கேட்கலாம். பணத்தில் பெரும்பகுதியை, கல் இல்லாத கல்லறைகளுக்காக ஏன் செலவிட்டோம் என்று சபையார் சிலர் கேட்டார்கள். அதற்கு விரிவாகப் பதில் சொல்வது எங்கள் கடமை.

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாறு என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருபவர்கள் யார்? 1785இல் பாளையங்கோட்டையில் ஆலயம் எழுப்பிய கிளாரிந்தா அம்மாள், 1820இல் அங்கே வந்து சேர்ந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், இடையன்குடியின் கால்டுவெல் ஐயர், மெய்ஞ்ஞானபுரத்தின் ஜான் தாமஸ் ஐயர். இவர்களை மறப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் இடையன்குடி ஆலயம் 1847இல் தொடங்கி 1880இல் பிரதிஷ்டையாகும்வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் எழும்பியது. அத்தனை ஆண்டுகள் கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், அரைகுறைச் சுவருக்குள் நின்று பாடியவர்கள் பெயர் என்ன? கால்டுவெல் ஐயர் 1891இல் கொடைக்கானலில் மரித்தபோது அவர் உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல் சுமந்தவர்களோ வெளியே மணலுக்குள் இருக்கிறார்கள். நம் ஊரிலும் அதே கதைதான்.

தேரிக்காட்டை அறிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆடிக் காற்று எழுந்தால் செம்மணல் நகரும். மண்மேட்டுக் கல்லறை சில ஆண்டுகளில் தரையோடு தரையாகிவிடும். பனங்கட்டைச் சிலுவையைக் கறையான் தின்றுவிடும். கல் வைக்க வசதியுள்ளவர்கள் அந்தக் காலத்தில் மிகச் சிலர். எனவே தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் கற்களை மட்டும் எண்ணினால், நம் சபையில் ஆசிரியர்களும் நிலக்காரர்களும் மட்டுமே வாழ்ந்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். மணலைக் கூடையால் அள்ளினோமே தவிர இயந்திரம் எதையும் உள்ளே விடவில்லை. எங்கும் தோண்டவும் இல்லை. தலை மேற்கே, கால் கிழக்கே வைத்து, உயிர்த்தெழும் நாளில் கிழக்கு நோக்கி எழுவார்கள் என்ற நம்பிக்கையோடு அடக்கம் செய்வது நம் முன்னோர் வழக்கம். அதனால் மணல் விலகியதும், லேசாக அமிழ்ந்த நிலம் வரிசை வரிசையாகத் தெரிந்தது. ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு சிறு எல்லைக்கல் நட்டிருக்கிறோம். எந்தக் குழியில் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஊகத்தின்பேரில் எந்தக் கல்லிலும் பெயர் பொறிக்கவில்லை.

பெயர்களைத் தந்தவை பதிவேடுகள். பழுப்பேறி, இராமபாணப் பூச்சி அரித்து, மை தின்ற இடத்தில் தாளே கிழிந்திருந்த அந்தப் புத்தகங்களை ஆலய வாலிபர் சங்கத்தார் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது, தொழில், மரணக் காரணம், அடக்க ஆராதனை நடத்தியவர் கையொப்பம். ஒரு வாழ்க்கைக்கு ஒரே ஒரு வரிதான். ஆனால் அந்த வரிகளைத் தொடர்ந்து படித்தவர்கள் இரவில் தூங்க முடியவில்லை என்றார்கள். 'காய்ச்சல்', 'பேதி', 'பிரசவம்', 'பனையிலிருந்து விழுந்து' ஆகிய நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதநீர்ப் பருவத்தில் ஒரு நாளும் பாளை சீவாமல் விட முடியாது. விட்டால் பாளை வற்றிவிடும். ஒரே நாளில் முப்பது நாற்பது மரம், காலையிலும் மாலையிலும். அப்படி உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி முதல் மணிக்கு ஆலயத்தில் நின்றார்கள். முதல் கருப்பட்டி கோயிலுக்கு என்பதில் அவர்கள் தவறியதில்லை என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1876 முதல் 1878வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தைத் தனியாகச் சொல்லியாகவேண்டும். மற்ற ஆண்டுகளில் ஒரு பக்கம் நிரம்பப் பல மாதம் பிடிக்கிறது. 1877இல் சில வாரங்களிலேயே பக்கம் திரும்புகிறது. குழந்தைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, சில வேளை ஒரே தகப்பன் பெயரோடு. பஞ்ச காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரமாயிரம் பேர் திருச்சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அவர்களை அன்றும் பழித்தார்கள், இன்றும் பழிக்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் நம் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். அந்த ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், கஞ்சித் தொட்டி மூடி வெகுகாலம் ஆன பிறகும், இதே தோட்டத்தில் விசுவாசத்தோடு அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார்கள். பசித்தவர் பசியோடு வந்ததில் இழிவு ஒன்றுமில்லை. அவர்கள் நிலைத்து நின்றார்கள் என்பதைப் பதிவேடே சொல்கிறது.

ஊர்ச் சபைகளில் வேதம் போதித்த உபதேசியார்களுக்கும், வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் போதித்த வேதாகம ஸ்திரீகளுக்கும் தனிப் பலகை வைத்திருக்கிறோம். ஐயர்மார் எனப்பட்ட குருமார் மாதத்துக்கு ஒருமுறை குதிரையிலோ வண்டியிலோ வந்து போனார்கள். தினந்தோறும் காலை மாலை ஜெபத்துக்கு மணியடித்து, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, வாந்திபேதி வீட்டுக்குள் மற்றவர்கள் நுழையத் தயங்கியபோது நுழைந்தவர்கள் உபதேசியார்கள். 1799இல் முதலூர் உருவாகக் காரணமான டேவிட் சுந்தரானந்தமும் அப்படிப்பட்ட ஓர் உபதேசியார்தான். வேதாகம ஸ்திரீகளில் பலர் இளம் விதவைகள். ஆண்கள் போக முடியாத வீடுகளின் பின்கட்டுவரை அவர்கள் போனார்கள். இந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேருக்கு முதல் எழுத்தைக் கற்றுத்தந்தது அவர்கள்தான். பதிவேட்டில் இவர்களில் சிலருக்குத் தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு மட்டும் இருக்கிறது. பலகையில் அந்தக் கோட்டை நிரப்பி, 'வேதாகம ஸ்திரீ' என்று வெட்டியிருக்கிறோம். தலைமுறை தலைமுறையாக மணியடித்து, குழி வெட்டி, விளக்கேற்றிய கோயில்பிள்ளைகளும் அதே பலகையில் இருக்கிறார்கள்.

பிடி அரிசிப் பானை ஒன்றின் வடிவத்தை மண்டபத் தூணில் செதுக்கச் சொன்னதும் நாங்களே. உலையில் போடும் அரிசியிலிருந்து தினமும் ஒரு பிடியை எடுத்து ஊழியத்துக்கென்று வைத்த தாய்மார்களுக்குச் சிலை வைக்க முடியாது. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களைக் கொண்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதை முன்னின்று நடத்தி, 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அந்தப் பேராயரின் பின்னால் இருந்தது இந்தப் பிடி அரிசி.

கட்டுமானத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பழைய சுவர் கிளிஞ்சல் சுண்ணாம்பில் கட்டியது. முன்பொருமுறை அதன்மேல் பூசிய சிமெண்ட், உள்ளே இறங்கிய ஈரத்தை வெளியேற விடாமல் பிடித்துக்கொண்டதால் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது. அதை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, ஊறவைத்துப் புளித்த சுண்ணாம்பை ஒன்றுக்கு மூன்று பங்கு ஆற்று மணலோடு அரைத்து, கடுக்காய்ச் சாறும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்த்துப் பூசினோம். தேரி மணல் மிகவும் நைசானது, பூச்சுக்கு ஆகாது. கல்லறைக் கற்களுக்கு அமிலம் பயன்படுத்தவில்லை. தண்ணீரும் பனந்தும்புத் தூரிகையும் போதுமானதாக இருந்தன. மழுங்கிய எழுத்துகளைச் சாய்வாக விளக்கடித்துப் படித்தோம்.

நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் வெட்டவேண்டும் என்று வேண்டுகோள் வந்தது. வெளிநாட்டிலிருந்து தாராளமாகக் கொடுத்த பிள்ளைகளின் அன்பை நாங்கள் மதிக்கிறோம். அவர்கள் பெயர்கள் கணக்குப் புத்தகத்தில் உள்ளன. ஆனால் பெயரில்லாமல் கிடந்தவர்களுக்காக எழுப்பிய மண்டபத்தில், உயிரோடு இருப்பவர்களின் பெயரை எழுத எங்கள் மனம் ஒப்பவில்லை. இன்னொரு பக்கம், பரிசுத்தவான்களுக்குக் கல் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து, 1951இல் அங்கேயே மரித்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் தமக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் எழுதினார்கள். அது மேன்மையான தாழ்மை. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. நம் தோட்டத்தின் மேற்கு மூலையில் இருப்பவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அந்த மூலையை மற்ற பகுதியிலிருந்து பிரித்த ஒரு தாழ்ந்த சுவர் இருந்தது பெரியவர்களுக்குத் தெரியும். எதற்காக அது கட்டப்பட்டது என்பதும் தெரியும். ஒரே அப்பத்தில் பங்குபெற்றவர்களை மண்ணுக்குள்ளும் சாதி பார்த்துப் பிரித்த சுவர் அது. அதை இடித்த அன்று எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. அவர்களில் இருவர் மறுநாள் வந்து கல் சுமந்ததற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். அதன் கற்கள் புதிய நடைபாதைக்குப் பயன்பட்டன. பலகைகளில் பெயர்கள் மரித்த ஆண்டு வரிசையில் மட்டுமே இருக்கின்றன. குடும்ப வரிசையோ தெரு வரிசையோ இல்லை.

நவம்பர் 2ஆம் தேதி சகல ஆத்துமாக்களின் திருநாளில் சேகர குருவானவர் மண்டபத்தைப் பிரதிஷ்டை செய்வார். அன்று எல்லாப் பெயர்களும் வாசிக்கப்படும். நேரமாகும், வயதானவர்களுக்கு நாற்காலி போடப்படும். அதற்கு முன் பட்டியலின் படியை ஆலய அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விடுபட்ட பெயர்கள் இருந்தால் குடும்ப வேதாகமத்தின் முன்பக்கக் குறிப்பையோ பழைய திருமணச் சான்றையோ கொண்டுவாருங்கள். கடைசிப் பலகையில் இடம் விட்டிருக்கிறோம், கல்தச்சர் டிசம்பர்வரை ஊரில் இருப்பார்.