கேசட்டை எடுக்கும்போது பக்கம் முழுதையும் எடு

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள வள்ளிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு யாவரும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் சுகந்தானே?

கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதற்காக, அப்பத்தாவின் பாட்டுக் கேசட்டுகளும் அவற்றை ஓட்டும் டெக்கும் அடுத்த வாரம் சிங்கப்பூர் வருகிறவர்கள் கையில் வருகின்றன. விமான நிலையத்து எக்ஸ்ரேயில் போனால் பாட்டு அழிந்துவிடும் என்று பயப்படாதே, எக்ஸ்ரே டேப்பை ஒன்றும் செய்யாது. காந்தம்தான் ஆகாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பெட்டியை வைக்காதே. அங்கேயும் 230 வோல்ட்தான், டெக்குக்கு பிளக்கை மட்டும் மாற்றிக்கொள்.

இந்தப் பாட்டெல்லாம் யூடியூபில் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று மாப்பிள்ளை கேட்பார். பாட்டு இருக்கிறது, இந்த வரிசை இல்லை. அந்தக் காலத்தில் ரெக்கார்டிங் கடையில் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுப் பதிந்து தருவார்கள். ஒரு பாட்டு முடிகிறபோதே அடுத்த பாட்டின் முதல் வயலின் மனசுக்குள் எழுகிறதே, அது கடைக்காரர் பதிந்த வரிசை பண்ணுகிற வேலை. அதனால் பாட்டுப் பாட்டாக வெட்டாதே. முதலில் பக்கம் முழுதையும், இடைவெளி, கொரகொரப்பு எல்லாவற்றோடும் ஒரே கோப்பாக எடுத்துவிடு. தனிப் பாட்டு வேண்டுமென்றால் அப்புறம் அதிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளலாம்.

டெக்கில் போடுவதற்கு முன் ஒவ்வொரு கேசட்டையும் கையில் எடுத்துப் பார். டேப் தெரிகிற வாய்ப்பக்கத்தில், நடுவில், டேப்புக்குப் பின்னால் மெல்லிய செப்புத் தகடும் அதன்மேல் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு கம்பளித் துண்டும் இருக்கும். டேப்பிலிருந்து சத்தத்தை எடுக்கும் ஹெட்டோடு டேப்பை அழுத்திப் பிடிப்பது அதுதான். வருஷக்கணக்காகச் சூட்டில் கிடந்தால் பசை காய்ந்து துண்டு விழுந்துவிடும். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் மங்கி, ஏறி இறங்கிக் கேட்கும். டேப்பே கெட்டுவிட்டது என்று பலர் குப்பையில் போடுவது இப்படித்தான். ஐந்து திருகாணி போட்ட கூடு என்றால் திறந்து, வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்து மாற்று. ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் மெல்ல நெம்பித் திறந்து, இரண்டு சுருளையும் அப்படியே திருகாணிக் கூட்டுக்கு மாற்றிவிடு.

சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனியே ஒதுக்கி வை. டெக்கில் போட்டால் ஹெட்டிலும் டேப்பை இழுக்கும் ரப்பர் ரோலரிலும் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். உங்கள் ஊர் ஈரத்துக்கு மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது நல்லது. கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடு. பேரன் தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

பிறகு ஒரு தடவை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்று. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் விடுபட்டு இழுப்பு சமமாகும். 90 நிமிட டேப் மெலிசு, அதை மட்டும் பார்த்துச் சுற்று. அறுந்தால் இரு முனையையும் 45 டிகிரி சாய்வாக வெட்டிச் சேர்த்து, ஹெட் தொடாத உள்பக்கத்தில், அறுந்த டேப்பை ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப் ஒட்டு. செல்லோடேப் ஆகாது, பசை கசிந்து பக்கத்துச் சுற்றுகளைப் பிடித்துக்கொள்ளும்.

நாலைந்து கேசட்டுக்கு ஒரு முறை ஹெட்டையும் அதன் பக்கத்து உலோகத் தண்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடை. காவி நிறத்தில் வரும் அழுக்கு நிற்கும்வரை துடைக்க வேண்டும். ரப்பர் ரோலருக்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

அடுத்ததுதான் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம். கடைக்காரர் பதிந்த டெக்கின் ஹெட் ஒரு கோணத்தில் இருந்திருக்கும், இந்த டெக்கின் ஹெட் வேறு கோணத்தில் இருக்கும். நூலளவு மாறினாலும் ஜால்ராவும் தபலாவின் விரல் சத்தமும் போர்வைக்குள் போனதுபோல ஆகிவிடும். ஹெட்டின் ஒரு பக்கத்தில், கீழே ஸ்ப்ரிங் வைத்த சின்னத் திருகாணி இருக்கும், பெரும்பாலும் தலையில் பெயிண்ட் பொட்டு வைத்திருப்பார்கள். பாட்டை ஓடவிட்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் திருப்பு. இரண்டு காதையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். "ச" எழுத்துகள் எங்கே கூர்மையாக விழுகின்றனவோ அங்கே நிறுத்து. கேசட்டுக்குக் கேசட், சில சமயம் பக்கத்துக்குப் பக்கம் மாறும். பொறுமை வேணும் ஆத்தா. கம்ப்யூட்டரில் அப்புறம் மேல்சத்தத்தை, அதாவது ட்ரெபிளை, ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் இரைச்சல்தான் ஏறும். இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் டால்பி பட்டனை அணைத்தே வை. டால்பி போட்டுப் பதியாத கேசட்டை அதைப் போட்டு ஓட்டினால் மேல்சத்தம் அமுங்கிவிடும்.

டி.எம்.எஸ். குரல் கனத்து இழுத்தால் டெக்குக்குள் சுழலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெல்ட் சரியாக இருந்தும் சுருதி மாறிக் கேட்டால், பதிந்த டெக்கே வேகம் தவறியிருக்கும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேகத்தை மாற்று, சுருதியை மட்டும் தனியே மாற்றாதே. அரைக் கட்டை வித்தியாசம் என்பது வேகத்தில் ஏறக்குறைய 6 சதவீதம்.

டெக்கின் வயரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகாதே, பெரும்பாலும் மோனோ, சத்தமும் உடையும். லைன்-இன் துளை உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கு. பதிவுத் தரத்தை 44,100 ஹெர்ட்ஸ், 24 பிட் வைத்து, மிகச் சத்தமான இடம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி சத்த அளவு வை. 30 நிமிடப் பக்கம் ஏறக்குறைய 475 எம்பி வரும். தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் சேமித்தால் நன்றாகக் குறையும். போனுக்கு மட்டும் எம்பி3. இரைச்சலைக் குறைப்பதானால் 6 டெசிபலோடு நிறுத்து. அதற்கு மேல் போனால் சுசீலாவே தண்ணீருக்குள்ளிருந்து பாடுவார்.

கேசட் அட்டையில் கடைக்காரர் பேனாவால் எழுதிய பட்டியலை இரு பக்கமும் படம் எடுத்து அதே கோப்புறையில் போடு. பாடலாசிரியர் பெயரை மட்டும் சரிபார்த்து எழுது. நம்ம சிறுகூடல்பட்டிக்காரர் என்ற பாசத்தில் இந்தப் பக்கத்தார் கேட்ட சோகப் பாட்டையெல்லாம் கண்ணதாசன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இணையப் பட்டியல்களும் தப்பில் லேசுப்பட்டவை அல்ல. இசைத்தட்டின் லேபிளைப் பார்ப்பதே மேல். இணையத்தில் தேடும்போது இன்னொன்றும் கவனி: நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணேகால் நிமிடம் போலத்தான் அடங்கும். அதனால் தட்டில் இருக்கும் பாட்டும் படத்தில் வரும் பாட்டும் சரணத்தில் வேறுபடலாம். அப்பத்தா பாடிக் காட்டிய சரணம் கிடைக்கவில்லை என்றால் இரண்டையும் தேடு. பழைய மோனோப் பாட்டில் புதிதாகத் தாளம் சேர்த்து "ஸ்டீரியோ" என்று போட்டிருப்பதைத் தொடாதே.

நீ பிறப்பதற்கு முந்திய பாட்டு உன்னை ஏன் உருக்குகிறது என்று போனில் கேட்டாயே. பத்து வயதிலிருந்து இருபத்தைந்துக்குள் கேட்டதுதான் ஆழமாகத் தங்கும் என்று மனவியல்காரர்கள் சொல்கிறார்கள். பெற்றவர்களின் இளமைக்காலப் பாட்டும் வீட்டில் ஓடி ஓடிப் பிள்ளைகளுக்கு அதேபோல ஒட்டிக்கொள்கிறதாம். சந்தோஷப் பாட்டுக்குக் கண் கலங்கினால் ஆச்சரியப்படாதே, மெட்டோடு கூட அதைக் கேட்ட காலமும் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் தினமும் சமைக்கும்போது ஓடவிட்டால் நாலு மாதத்தில் அது உன் சிங்கப்பூர் அடுப்படிப் பாட்டாகிவிடும். அடிக்கடி கேட்கப் புதுப் பாட்டை வைத்துக்கொள். இவற்றை எப்போதாவது, பக்கம் முழுதாகக் கேள்.

சில கேசட்டில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். டேப் தீர்ந்ததால் அப்படி, பழுது இல்லை. யூடியூபிலிருந்து மீதியை எடுத்து ஒட்டாதே.

டெக்குக்குப் பெல்ட் மாற்ற வேண்டிவந்தால் பழைய பெல்ட்டை இரண்டாக மடித்துத் தட்டையாக வைத்து நீளத்தையும், அதன் பருமனையும் அளந்து அனுப்பு. பழையது நீண்டிருக்கும் என்பதால் 5 சதவீதம் சிறியதாகப் பார்த்து வாங்கி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அப்பச்சி