நனோ மாஸ்க்கைப் பிரித்துப் பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். 2020இல் ஊரடங்கு நேரம் அக்கம்பக்கத்தாருக்குப் பருத்தித் துணியில் முகக்கவசம் தைத்துக் கொடுத்தவள். அதனால் மாஸ்க்கைக் கண்டால் முதலில் தையலைத்தான் பார்ப்பேன்.

அம்மாவுக்கு ஆஸ்மா. மாதா மாதம் கிளினிக்கில் இருமுகிறவர்களுக்கு நடுவே மணிக்கணக்காக வாங்கில் இருக்க வேண்டும். போன வாரம் அவருக்காக ஒரு பாமசியில் ‘நனோ’ மாஸ்க் இரண்டு வாங்கினேன். இருபது தரம் கழுவலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. எதில் நனோ என்று கேட்டேன். விற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை, பெட்டியிலும் இல்லை.

வீட்டில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவால் நேராகத் தையல் ஓடியிருந்தது, ஊசித் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கொரோனா வைரஸ் ஏறக்குறைய 100 நனோமீற்றர்தான், அதாவது ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. துளை அதைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரிது!

அப்புறம் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மெல்லிய வெள்ளை அடுக்கு. விரலில் ஒட்டிக்கொண்டது, மேசையில் கிடந்த நூல் துணுக்கையும் இழுத்தது. சாதாரண சத்திரசிகிச்சை மாஸ்க்கிலும் இதே அடுக்குத்தான். பொலிப்ரோப்பிலீன் இழையில் ஏற்றிய மின்னூட்டம் துணிக்கைகளை இழுத்துப் பிடிக்கிறது. சவர்க்காரம் பட்டால் அது குறைந்துவிடும். கழுவிக் காயவைத்துப் பார்த்தேன், நூல் ஒட்டவில்லை. அப்போது இருபது தரம் என்பது என்ன கணக்கு?

உண்மையான நனோ இழை வேறு. சில நூறு நனோமீற்றர் தடிப்புள்ள இழைகளை நெருக்கமாகப் படியவைத்த வலை அது. மின்னூட்டம் குறைந்தாலும் அந்த நெருக்கமே துணிக்கைகளை மறிக்கும். வெள்ளி, செம்பு நுண்துகள்களை ஏற்றும் துணியும் உண்டு. ஒட்டிய கிருமியை அழிப்பதற்கு அது. ஆனால் சரியாகப் பதியாத வெள்ளி கழுவுகிற தண்ணீரோடு போய்விடும். இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்கு நிறைய நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் பெயரை மட்டும் அச்சடித்து விற்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

இழையா, வெள்ளியா, செம்பா, எத்தனை தரம் கழுவிய பிறகு எத்தனை வீதம் தடுக்கும் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெட்டியில் அச்சிட வைக்க பொருட்களின் தரத்தை வரையறுக்கும் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் முன்வர வேண்டும். நனோ ஆராய்ச்சிக்கென்றே ஹோமாகமவில் ஒரு நிறுவனம் இருக்கும் நாடு இது. சோதித்துப் பார்க்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

அதுவரை அம்மாவுக்குச் சாதாரண மாஸ்க்தான். கன்னத்தோரம் இடைவெளி விழாமல் காதுப் பட்டியில் முடிச்சுப் போட்டு, மூக்குக் கம்பியை அழுத்தி நானே கட்டி அனுப்புகிறேன்.

ஒரு தையற்காரி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.