லிங்கின் பார்க் ரசிகர்களே, ஒரு நிமிஷம்

அன்புள்ள லிங்கின் பார்க் ரசிகப் பெருமக்களுக்கு,

2017 பிப்ரவரில நம்ம அமெரிக்க ராக் பேண்டோட 'ஹெவி' பாட்டு வந்தப்போ உங்களோட சேர்ந்து திட்டினவன்தான் நானும், அத மொதல்லயே சொல்லிடறேன். பேருதான் ஹெவி, கேட்டா பஞ்சு மாதிரி இருந்துச்சு, கூட பாப் பாடகி கியாரா வேற பாடுறாங்க, கிட்டாரிஸ்ட் பிராட் டெல்சன் லீவு போட்டுட்டாரான்னு கேட்டு சிரிச்சோம். மே மாசம் 'ஒன் மோர் லைட்' ஆல்பம் முழுசா வந்துச்சு, பத்து பாட்டு, 35 நிமிஷம், பாதி எடத்துல குரலையே துண்டு துண்டா வெட்டி பீட் மாதிரி ஒட்டி வச்சிருந்தாங்க. எனக்கு அது பிடிக்கல. இப்பவும் பிடிக்கல.

ஆனா அன்னைக்கு நாம அதோட நிறுத்தல. காசுக்கு வித்துட்டாங்க, துரோகம் பண்ணிட்டாங்கன்னு போயிட்டோம். பேண்டோட பாடகர் செஸ்டர் பென்னிங்டன் பேட்டிலயே எரிஞ்சு விழுந்தாரு, நியாயமான கோவம்தான். பாட்டு நல்லால்லன்னு சொல்றது ரசனை, அந்தாளு மனசுல என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரிஞ்ச மாதிரி தீர்ப்பு சொல்றது வேற கதை.

இத்தனைக்கும் இந்த பேண்ட் என்னைக்கு ஒரே எடத்துல நின்னுச்சு? 2003லயே 'பிரேக்கிங் தி ஹேபிட்'ல கதறல் கிடையாது, வயலினும் எலக்ட்ரானிக் பீட்டும்தான் முன்னாடி நிக்கும், அத யாராச்சும் பாப்னு சொல்லி ஒதுக்கினோமா? 2007ல தயாரிப்பாளர் ரிக் ரூபினோட சேந்து 'மினிட்ஸ் டு மிட்நைட்' பண்ணப்போ பேண்டோட ராப்பர் மைக் ஷினோடாவோட ராப் எங்கன்னு அழுதோம், 2010ல 'எ தவுசண்ட் சன்ஸ்' வந்தப்போ கிட்டார் எங்கன்னு அழுதோம், அதையே இப்ப மாஸ்டர்பீஸ்னு சொல்லிட்டுத் திரியறோம். சரின்னு 2014ல அவங்களே 'தி ஹண்டிங் பார்ட்டி'னு காது கிழியற மாதிரி ஒண்ணு போட்டாங்க, அத எத்தன பேர் திரும்பத் திரும்பக் கேட்டீங்க, மனசத் தொட்டு சொல்லுங்க.

அந்த 2017 டூர் வீடியோ ஒண்ணு எடுத்துப் பாருங்க. 'கிராலிங்' பாட்டு, கிராமி வாங்கின பாட்டு, அதுல கிட்டார் டிரம்ஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் பியானோ. செஸ்டர் மேடைய விட்டு எறங்கி கம்பித் தடுப்பு மேல ஏறி நிக்கறாரு, முன் வரிசைல இருக்கறவங்க கை அவர் சட்டையப் புடிச்சிருக்கு, அவர் பாடுறத விட கூட்டம் பாடுறதுதான் சத்தமா கேக்குது. அங்க யாரும் கிட்டார் எங்கன்னு கேக்கல.

அப்புறம் அதே வருஷம் ஜூலை 20, செஸ்டர் இறந்துட்டாரு. அவர் போன மறுநாள்ல இருந்து, அதே ஆல்பத்தக் குப்பைன்னு சொன்ன வாயெல்லாம் தெய்வீகம்னு சொல்ல ஆரம்பிச்சுச்சு. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது. டைட்டில் பாட்டு கேட்டா எனக்கும் தொண்ட அடைக்கும், பொய் சொல்லல. அதுக்காக மத்த ஒம்போது பாட்டும் நல்ல பாட்டாயிடாது, அப்படி சொன்னாத்தான் அவர் மேல மரியாதைன்னும் இல்ல. பிடிக்காதவன் பிடிக்கலன்னு சொல்லட்டும், விடுங்கய்யா.

2024ல புதுப் பாடகியா எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் வந்து 'ஃப்ரம் ஜீரோ' போட்டதுல இருந்து மறுபடி அதே பஞ்சாயத்து. ஒருத்தர் பழசக் காப்பி அடிக்கறாங்கன்னு சொல்றாரு, இன்னொருத்தர் ரேடியோவுக்குப் பாட்டு பண்றாங்கன்னு சொல்றாரு, ரெண்டும் ஒரே ஆல்பத்தப் பத்தி! சண்ட போடுங்க, எனக்கும் ஆசதான், ராத்திரி எத்தன மணின்னாலும் வரேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா கேட்டுட்டு வாங்க, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் ஓடும்.

இப்படிக்கு,
'ஹெவி'ய இன்னும் ஸ்கிப் பண்ற ஒருத்தன்